பொன்னிற முத்திரை

யுத்த காலத்தில் முத்திரை குத்திய பாஸ் இல்லாமல் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் யாரும் படகைத் தள்ள முடியாது. எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் முத்திரையைத்தான் பார்ப்போம். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தோடுதான் தம்பியின் படிப்பையும் பார்த்தேன்.

அவனை வெளியூர் வளாகத்துக்குப் படிக்க அனுப்பப் பயந்து, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்த்தவள் நான். அவர்கள் காட்டிய மாதிரிச் சான்றிதழில் பொன்னிறத்தில் பெரிய முத்திரை இருந்தது. அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை. இந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று கொழும்புக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை.

மூன்று வருடம், கரண்ட் இருந்த நேரமெல்லாம் இன்ரநெற் கடைக் கதிரையில் இருந்து படித்தான்.

வேலைக்கான நேர்முகத் தேர்வில், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலை அதிகாரி எடுத்துப் பார்த்தாராம். அந்தப் பெயர் அதில் இல்லை. முத்திரையை அவர் பார்க்கவேயில்லையாம்.

தம்பி சத்தம் போடவில்லை. நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்று கேட்டான்.

“அக்கா, நீங்கள் விசாரிச்சுத்தானே சேர்த்தனீங்கள்?”

“ஓம்” என்றேன்.

“அப்ப அந்த அதிகாரிமார்தான் பிழையாப் பாத்திருக்கினம்” என்று சொல்லி, சான்றிதழைக் கசங்காமல் அலுமாரிக்குள் வைத்தான்.