கரி ஷாம்பூவும் கேன் தண்ணீரும்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சோதிப்பவன் நான்தான். புது மிக்ஸியில் முதல் சட்னி அரைப்பதும் புது மெத்தையில் முதலில் படுப்பதும் நான்தான். அதனால் தாம்பரம் மார்க்கெட் பக்கத்துக் கடையிலிருந்து என் மனைவி கன்னங்கரேலென்று ஒரு கரி ஷாம்பூ கட்டியை வாங்கி வந்தபோது, முதலில் என் தலைக்கு என்று பிடுங்கிக்கொண்டேன். விளையாட்டுக்கு அல்ல. சிகிச்சையில் மொத்தமாகக் கொட்டிப்போன அவள் முடி அப்போதுதான் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. அதில் ஒன்று உதிர்ந்தாலும் என்னால் தாங்க முடியாது.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கியிருந்தாள். எங்கள் சர்ச்சில் ஆராதனை முடியும்வரை பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள். ஆசீர்வாதம் சொன்னதும் சேலைத் தலைப்பைத் தோளுக்கு இறக்கிவிட்டு, வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். இவள் மட்டும் பல மாதங்களாக இறக்குவதில்லை. முக்காட்டோடே வந்து என் பைக்கில் ஏறிக்கொள்வாள். முடி கொஞ்சம் அழகாக நின்றால் இறக்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அந்தக் கட்டியை வாங்கியதே அதற்காகத்தான்.

நான் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன். தலையில் கோந்து தடவியது போல முடியெல்லாம் ஒட்டிக்கொண்டது. சீப்பை இழுத்தால் சாம்பல் நிறத்தில் பசை வந்தது. சுத்த டுபாக்கூர் சரக்கு, தூக்கிப் போடு என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். அவள் கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"கட்டி நல்லாத்தாங்க இருக்கு. நம்ம தண்ணிதான் சரியில்ல."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டு போர்வெல்லைக் கூடவே நின்று போட்டவன் நான். பொழிச்சலூரிலேயே எங்கள் தண்ணீரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் பெருமை பேசியவன். குடிப்பதற்கு மட்டும் கேன் வாங்குவோம். அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று படியும் என்பது தினமும் துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதா என்ன.

சனிக்கிழமை சாயங்காலம் புதுக் கேனைத் தூக்கிப் பெரிய பாத்திரத்தில் கவிழ்த்து வெந்நீர் வைத்தேன். குடிக்கிற தண்ணீரிலா தலைக்குக் குளிப்பது என்று கேட்டாள். இந்தத் தலைக்கு அதைவிட மட்டமானதை ஊற்ற முடியாது என்றேன். பாத்ரூமில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தலையை நான் தேய்த்துவிட்டதே கிடையாது. கட்டியை உள்ளங்கையில் உரசியதும் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. பட்டும் படாமலும் தடவிக்கொண்டிருந்தேன்.

"அழுத்தித் தேய்ங்க," என்றாள். "உதிராது."

அழுத்தித் தேய்த்தேன். உதிரவில்லை. அலசினால் கையில் பிசுக்கே இல்லை. துண்டால் துவட்டிவிட்டதும் முடி கோழிக்குஞ்சுக்கு நிற்பது போல மெத்தென்று நிமிர்ந்து நின்றது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், ஏர்போர்ட்டில் இறங்க மேலே தாழப் பறந்துபோன விமானத்தின் சத்தம்கூட இனிமையாக இருந்தது.

மறுநாள் ஆசீர்வாதம் முடிந்தது. பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பெண்கள் வரிசையில் ஒவ்வொரு முக்காடாக இறங்கியது. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவளும் இறக்கினாள். என்னிடம் வராமல் நேராகப் பெண்கள் கூட்டத்துக்குள் போய் நின்றாள்.

சர்ச்சுக்குப் புதிதாக வந்திருந்த ஓர் அக்கா, கிராப் ரொம்ப நல்லா இருக்கே, எந்தப் பார்லரில் வெட்டினீங்க என்று விசாரித்தார். விஷயம் தெரிந்த ஒருவர் அவர் முழங்கையை லேசாக இடித்தார். என் மனைவி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"வெட்டலக்கா. இப்பதான் முளைச்சுது."