ஆறு பாயிண்ட் கேள்வி

தையல்காரனுக்குக் காலுக்கும் கைக்கும்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். அந்தச் சும்மா இருந்த வாயை வைத்துத்தான் நான் பி.ஏ. வரலாறு எழுதினேன்.

என் மனைவி ஜமீலாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, கடைசித் தேர்வுக்குக் கிளம்பிய காலையில். செஞ்சி கடைவீதியில் எங்கள் தையல் கடை. அவளே தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். மேல் பட்டனை என் மேலேயே வைத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். "ஆறு பாயிண்ட் கேள்வியில எப்பவும் ஒண்ணு விட்டுடறீங்க. பஸ்ல சொல்லிக்கிட்டே போங்க" என்றாள்.

வகுப்புப் பக்கமே போகாமல் பரீட்சை மட்டும் எழுதிப் பட்டம் வாங்கியவர்களுக்கு, அல்லது வாங்கப் பார்த்தவர்களுக்கு, நான் சொல்வது புரியும்.

தகுதி

ஒன்பதாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதன்பிறகு பழைய பேப்பர் கடையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் பேன்ட் அளவு கொடுக்க வந்தபோது, மிஷின் மேல் நான் விரித்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களும் ஒரு நுழைவுத் தேர்வு எழுதினால் போதும், பிறகு வீட்டிலிருந்தே படித்து வருஷா வருஷம் பரீட்சை எழுதலாம் என்று ஒரு ஏற்பாடு வந்திருப்பதாகச் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "என்கிட்ட இன்னா இருக்குதுன்னு சார் சேத்துக்குவாங்க?" என்றேன்.

"வயசு இருந்தா போதுமாம் பாய். அதான் உங்ககிட்ட தேவைக்கு மேலயே இருக்குதே!"

கோடு

ஜமீலாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். ஒரு கேள்விக்கு எத்தனை பாயிண்ட் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நான் மிஷினை மிதித்துக்கொண்டே ஒப்பிப்பேன். அவள் துணி ஓரத்தை மடித்து எம்மிங் செய்துகொண்டே கேட்பாள். ஒரு பாயிண்ட் முடிந்தால், மடியில் இருக்கும் துணியின் உள்பக்கத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு கேள்விக்கு ஒரு வரிசை. விட்டுப்போன பாயிண்டுக்கு இடம் விட்டு வைப்பாள். வேலை முடிந்ததும் துணியை உதறித் தட்டிவிடுவாள்.

தீபாவளி நெருக்கடியில் ஒரு தடவை தட்ட மறந்துவிட்டாள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர் சட்டையோடு திரும்பி வந்தார். கடையில் நாலு பேர் இருக்கும்போதே அதை உள்புறமாகத் திருப்பிக் காட்டினார்.

"இன்னா பாய், ஜெயில்ல நாள் எண்ணின மாதிரி போட்டு வச்சிருக்குது? எனக்கு எப்ப விடுதலை?"

கோட்டை

எல்லாத் தாளும் தேறிவிட்டேன், ஒன்றைத் தவிர. தமிழ்நாட்டு வரலாறு. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். செஞ்சிக் கோட்டையைப் பிடிப்பது ஏன் கடினமாக இருந்தது என்று கேட்டிருந்தார்கள். கடையை விட்டு இறங்கினால் கோட்டை மலையான ராஜகிரி தெரிகிற ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். மணி அடித்தபோது மூன்று கேள்விகள் தொடாமலே கிடந்தன. அடுத்த தடவை பயத்தில் குழம்பி மறுபடியும் போயிற்று. இனி ஒரு தடவைதான். அதோடு கொடுத்திருந்த கெடு முடிகிறது. அதிலும் தவறினால் தேறிய தாள்கள் எல்லாம் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜமீலா திட்டவில்லை. அந்தக் கேள்விக்கு எத்தனை பாயிண்ட் என்று மட்டும் கேட்டாள். ஆறு என்றேன்.

"ஆறு படி ஏறினோமா, எறங்கி வந்தோமான்னு இருக்கணும். உங்கள யாரு மலை உச்சி வரைக்கும் போவச் சொன்னது?"

சோதனை

கடைசித் தேர்வு. மையம் திண்டிவனத்தில். வாசலில் வேர்வையைத் துடைக்கச் சட்டை நுனியைத் தூக்கினேன். மேற்பார்வைக்கு வந்திருந்த பேராசிரியை பார்த்துவிட்டார். "நில்லுங்க. சட்டைக்கு உள்ள இன்னாது அது?"

நீலக் கோடுகள், ஆறு வரிசை. அன்று விடிகாலையில் அவசரமாகத் தைத்து முடித்த சட்டை, ஜமீலா தட்ட மறந்திருக்கிறாள். பிட்டு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "மூணாவது வரிசையில நாலு கோடு. சொல்லுங்க பாப்போம்" என்றார். சொன்னேன். "அஞ்சாவது?" அதையும் சொன்னேன். கடைசி வரிசையில் விரலை வைத்தார். ஐந்து கோடுகள், நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு கோட்டளவு இடம். கோட்டைக் கேள்வி அது. ஐந்து பாயிண்டோடு நின்றுவிட்டேன்.

அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "இத வச்சுக் காப்பியடிக்க முடிஞ்சா அடிச்சுக்குங்க, போங்க. ஆனா உங்க வீட்டம்மா இடம் விட்டு வச்சிருக்காங்க பாருங்க, அது இன்னான்னு யோசிச்சுக்கிட்டே போங்க."

தண்ணீர்

அந்தக் கேள்வியே வந்தது. மூன்று மலைகள், மதில், அகழி, தானியக் களஞ்சியம் என்று நாலு எழுதினேன். பிறகு அந்த இடம் கண்ணில் வந்து நின்றது. தண்ணீர்! எத்தனை நாள் முற்றுகை போட்டாலும் மேலே தண்ணீர் கிடைக்கும். அதை எழுதி, அடுத்து ஒற்றை வழிப் பாதையையும் எழுதி, ஆறோடு இறங்கிவிட்டேன். எல்லாக் கேள்விகளுக்கும் நேரம் இருந்தது.

தண்ணீரைப் பிடித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்வதற்காகவே பஸ்ஸில் உட்காராமல் படியருகே நின்றுகொண்டு வந்தேன். கடை வாசலில் கூட்டம். மதியம் எம்மிங் செய்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்துக் கடை வளையல்காரம்மாதான் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"பன்னண்டு மணி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா பாய், 'இன்னேரம் எத்தினி பாயிண்டு எழுதியிருப்பாரு'ன்னு."

தேறிவிட்டேன். பட்டம் தபாலில் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியபிறகு, பரீட்சைக்குப் பணம் கட்டும் விண்ணப்பத்தோடு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள், அவர்கள் ஒப்பிப்பதையும் கோடு போட்டுத்தான் கேட்கிறேன்.

ஒரு நாளும் வகுப்பில் உட்காராதவன், எழுத்துத் தெரியாதவளிடம் பாடம் ஒப்பித்து வரலாற்றுப் பட்டதாரி ஆனேன் என்பதுதான் என் வரலாறு. அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை. கடைசி வரிசையில் ஐந்து கோடுகள் இருக்கின்றன.