சாமான்களுக்கு விலை பார்க்க வந்த வெள்ளிக்கிழமை

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு என் கணவர் செல்வத்துக்குத் தலைவலி தொடங்கியது. சாதாரணத் தலைவலிதான் என்று தைலம் தேய்த்துவிட்டேன். விடவில்லை. பிறகு வாந்தி. அதற்குப் பிறகு மறதி. சாம்பாருக்கு உப்புப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் வந்து மறுபடியும் உப்புப் போட்டார். வருஷக்கணக்காக வந்து சாப்பிடுகிற ஒரு வாடிக்கையாளரிடம், கடைக்குப் புதிதாக வருகிறீர்களா என்று விசாரித்தார். அந்த மனிதர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். நான் ஓடிவந்து பேச்சை மாற்றினேன்.

சகோதரிகளே, வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த நாட்களில் நான் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெளியே சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் என்ற பயம். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் இருப்பது அம்மனுக்குச் செய்கிற துரோகம்.

ஃபேரர் பார்க்கில் எங்களுடைய தோசைக் கடையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பழைய கடைவீடு. முன்னால் மேசைகள், நடுவில் சமையலறை, அதற்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அரிசி மூட்டைகள், கிரைண்டர், வெந்நீருக்கான கேஸ் ஹீட்டர் எல்லாம் அந்தப் பின்னறையில்தான். அதே அறையின் சுவரில், முன்பு கடை நடத்தியவர் அடித்துவிட்டுப் போன ஒரு பலகை இருந்தது. ஆணி அடிக்க வசதியாக இருந்ததால் அம்மன் படத்தை அதில் மாட்டினோம். மாவு வேலை முழுவதும் செல்வத்துடையது. அதனால் பாதிப் பொழுது அவர் அந்த அறையில்தான் இருப்பார்.

மருத்துவர்கள் பார்த்தார்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள் என்றார்கள். ஓய்வெடுத்தால் உண்மையிலேயே சரியாகிவிடும். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று செங்காங்கில் இருக்கிற எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிடுவார், என்னைக் கிண்டல் பண்ணுவார். புதன்கிழமை கடைக்குள் போன கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிடும். வீட்டில் இல்லாத நோய் கடையில் எப்படி வருகிறது? எங்கள் சமையல்காரரும் தலை சுற்றுகிறது என்று வேலையை விட்டார். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தக் கடையில ஏதோ இருக்குக்கா. பாத்துக்குங்க."

எனக்கும் அதே எண்ணம்தான். தீபாவளிக்கு முன்னால்தான் சமையலறைப் புகையை உறிஞ்சும் எக்ஸாஸ்ட் விசிறியை மாற்றிப் பெரிதாகப் போட்டிருந்தோம். அதைப் பார்த்து யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். எலுமிச்சம்பழம் கட்டினேன், பூசணிக்காய் உடைத்தேன், வெள்ளி தவறாமல், அடுப்பு பற்ற வைக்கும் முன்பே அம்மனுக்குச் சாம்பிராணி போட்டேன். நோய் எதற்கும் அசையவில்லை.

அப்புறம் அந்த விளக்கு. அம்மன் படத்துக்கு முன்னால் நான் ஏற்றும் காமாட்சி விளக்கின் சுடர் நேராக நிற்காது. பின்சந்துக் கதவைச் சாத்திவிட்டால் மூடிய அறை, காற்று வர வழியே இல்லை. ஆனாலும் கடை மும்முரமாக நடக்கும் நேரத்தில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். ஹீட்டர் இருக்கும் மூலையில் யாரோ நின்று மெல்ல ஊதுகிற மாதிரி. அந்த மூலைக்கு முதுகைக் காட்டவே எனக்குப் பயமாக இருந்தது. செல்வத்திடம் சொல்லவில்லை. அவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷன், எப்படிச் சொல்வது?

ஒருநாள் கோயிலில் அழுதுவிட்டேன். நான் கெஞ்சுகிற ரகம் இல்லை, அம்மனிடமும் சண்டைதான். காசு கேட்கவில்லை, கடை கேட்கவில்லை. "அங்க என்ன இருக்குன்னு என் கண்ணுக்குக் காட்டு தாயே. காட்டாட்டி அவரையாவது எனக்கு விட்டுக்கொடு" என்றேன்.

அதே வாரத்தில் ஒருவர் கடையை அப்படியே எடுத்துக்கொள்வதாக வந்தார். விட்டால் போதும் என்று எனக்கு இருந்தது. ஆனால் அடுப்பு, ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் என்ன பெறும் என்பதை வாங்குகிறவரும் சொல்லக்கூடாது, விற்கிறவரும் சொல்லக்கூடாது, அதற்கென்றே படித்த மதிப்பீட்டாளரைக் கூப்பிடலாம் என்று பேச்சானது. ஃபரீதா என்று ஒரு தமிழ் முஸ்லிம் பெண் வந்தார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். முக்காடு, கையில் டார்ச், கறாரான முகம். வந்த நாள் வெள்ளிக்கிழமை, கொட்டும் மழை. பின்சந்துக் கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே அடிக்கும் என்று சாத்தி வைத்திருந்தோம்.

ஃபரீதா ஒவ்வொரு சாமானாகப் பார்த்தார். பின்னால் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படித்தார், கதவின் ரப்பரை இழுத்துப் பார்த்தார், எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று கேட்டார். ஓடுகிற சாமானுக்கு ஒரு விலை, நின்று போனதற்கு வேறு விலை. அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், வியாபாரம் நடக்கிற மாதிரியே ஓடவிடச் சொன்னார். அடுப்புகள் அத்தனையும் பற்ற வைத்தேன். எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் இரைந்தது. ஹீட்டரும் ஓட வேண்டுமே என்று செல்வம் பின்னறைக்குப் போய், வெந்நீர்க் குழாயை ஒரு பானையில் திறந்துவிட்டு, முக்காலியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கடையை விற்பதில் அவருக்கு இஷ்டமில்லை. காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆயிற்றே, காலைப் பூஜை விட்டுப்போயிருந்தது. ஃபரீதா குறிப்பெடுக்கும் நேரத்தில் நான் சாம்பிராணி போட்டுவிட்டேன். கரண்டியோடு பின்னறைக்குப் போய் அம்மனுக்குக் காட்டினேன். என் தலையும் கனத்துக்கொண்டு வந்தது. ஹீட்டரின் தகட்டைப் பார்க்க வந்த ஃபரீதா கதவருகிலேயே நின்றுவிட்டார். பூஜை முடியட்டும் என்று மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் அம்மனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தச் சாம்பிராணிய இன்னொரு தடவ காட்டுங்க. ஹீட்டர் பக்கத்துல" என்றார்.

"பூஜை முடிஞ்சிருச்சும்மா."

"பூஜைக்கு இல்லக்கா. புகை எங்க போவுதுன்னு பாக்கணும்."

ஹீட்டரின் தலையில் புகைக்குழாய் இருக்கிறது. அதன் வழியாகக் கெட்ட காற்று மேலே ஏறி வெளியே போக வேண்டும். கரண்டியை அதன் அடியில் நீட்டினேன். புகை மேலே ஏறவில்லை. யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி கீழே இறங்கி, என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடியது. கரண்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நான் பயந்துகொண்டிருந்த அதே மூலை.

ஃபரீதா தாழ்ந்த குரலில் கேட்டார்: "அண்ணன் எப்பலேர்ந்து பேசாம இருக்காரு?"

கோபமாக இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். வெந்நீர்ப் பானை நிறைந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது. செல்வத்தின் கால் அந்தச் சுடுநீரில் இருந்தது. காலை எடுக்கவில்லை.

தோளைத் தொட்டதும் சரிந்தார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஃபரீதா பின்கதவை உதைத்துத் திறந்து, கேஸை அடைத்துவிட்டு, அவருடைய கால்களைப் பிடித்தார். நான் கைகளைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அவரைப் பின்சந்தில் கொண்டு போட்டோம். மழை அவர் முகத்தில் அடித்தது. ஆம்புலன்ஸுக்குப் பேசியதும் ஃபரீதாதான். நான் அவர் நெஞ்சில் கை வைத்து, தாயே தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, என் கைதான் நடுங்குகிறதா என்று தெரியவில்லை.

நிறமும் வாசமும் இல்லாத நச்சுக் காற்று என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்றார்கள். பிராணவாயு வைத்துக் காப்பாற்றினார்கள். கண் விழித்ததும் அவர் கேட்டது: "வித்துட்டியா?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிறகு கடையைச் சோதிக்க வந்த அதிகாரிகள் காரணத்தை விளக்கினார்கள். பெரிய எக்ஸாஸ்ட் சமையலறைக் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். வழி இல்லாததால் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகவே காற்று கீழே இறங்கியிருக்கிறது, வெளியே போக வேண்டிய நஞ்சையும் சேர்த்துக்கொண்டு. இந்தச் சுவரில் காற்றுத் துவாரம் இருந்திருக்க வேண்டுமே என்று தேடினார்கள். இருந்தது. அம்மன் படத்துக்குப் பின்னால், அந்தப் பலகைக்குப் பின்னால்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீயே மறைத்துக்கொண்டு நின்றாயா என்று கேட்டேன். சில நாள் விளக்கு ஏற்றவில்லை. உங்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பூஜைக்கும் வரவில்லை. ஒரு காலை, வீட்டில் அவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மற்ற கடைகளைப் போல அம்மனை முன்னால், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தால், அன்று நான் சாம்பிராணியோடு பின்னறைக்குப் போயிருக்கவே மாட்டேன். ஃபரீதா தகட்டைப் படித்துவிட்டுப் போயிருப்பார். செல்வம் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே போய்ச் சேர்ந்திருப்பார். என் கண்ணுக்குக் காட்டு என்று கேட்டேன். தினமும் சுடரைச் சாய்த்துக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். எனக்குப் புரியவில்லை என்றதும், புரிகிற கண்ணை வாசல் வழியாக அனுப்பி வைத்தாள்.

கடையை விற்கவில்லை. ஹீட்டரை மாற்றினோம், பலகையைப் பெயர்த்து எறிந்தோம். அம்மன் இப்போது அதே அறையில் எதிர்ச்சுவரில் இருக்கிறாள். ஃபரீதா அவ்வப்போது தோசை சாப்பிட வருகிறார். வந்ததும் உட்காரமாட்டார். நேரே பின்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் காரணம் தெரியாத பயம் ஒன்று மூலையில் நின்றுகொண்டிருந்தால் அம்மனிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்ட பிறகு, பதிலோடு வருகிறவர் யார் என்று பார்த்து வாசலை அடைத்துவிடாதீர்கள். துவாரம் திறந்த பிறகு அந்த அறையில் நல்ல காற்று. என் விளக்கு அடிக்கடி அணைந்துவிடுகிறது. முன்பென்றால் அபசகுனம் என்று பதறியிருப்பேன். இப்போது செல்வமே தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறார்.