வாய் திறக்காத மீன்

போன செவ்வாய்க்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால், எங்கள் வீட்டில் ஒருவரைக் காணவில்லை.

ஆட்கள் காணாமல் போகிற இந்தக் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இப்படி எழுதினால் வாசிப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். பதறாதீர்கள். காணாமல் போனது மீன். லண்டனுக்குப் போன மகன் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன தொட்டியில், வரிவரியாகச் செட்டை விரித்துக்கொண்டு திரிந்த லயன் பிஷ்.

உங்களில் யாருக்காவது கடல்மீன் வளர்க்கும் ஆசை இருக்கிறதா? இருந்தால், தயவுசெய்து ஒரு பூனை வளருங்கள். இந்த மீனுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, கடலே வேண்டும்! ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போவேன். காவலரணில் நிற்கும் ஆமிக்காரர் மறிப்பார்.

"மாளுன்ட வதுர, மஹத்தயா" – மீனுக்குத் தண்ணீர் என்பேன்.

"கெதர வதுர நெத்த?" வீட்டில் தண்ணீர் இல்லையா?

நியாயமான கேள்விதான்... எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் சேர்ட்டிலேயே உப்புப் பூத்துவிடும்.

இது போதாதென்று என் மனைவி பவானி தொடங்கினாள். "பாவம், தனியக் கிடந்து வாடுது. துணைக்கு ஒண்டு பாருங்கோவன்."

லயன் பிஷ் வேட்டை மீன். துணைக்குச் சின்ன மீன் வாங்கினால் இது விழுங்கும். பெரிய வேட்டை மீன் வாங்கினால் அது இதை விழுங்கும். இந்தச் சாதிக்குத் துணை தேடுவதைவிட வெளிநாட்டு மாப்பிள்ளை தேடுவது சுகம்!

கொட்டாஞ்சேனையில் வளர்ப்பு மீன் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனோம். முதலில் ஒரு கிளாத்தி மீனைக் காட்டினார். நல்ல வடிவு. ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லைப் புரட்டியது, கண்ணாடியைக் கடித்தது, வலையில் தூக்கியதும் உறுமியது. மீன் உறுமி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

"ஐயோ, இது எங்கட மாஸ்டர்!" என்றாள் பவானி.

மாஸ்டர் எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருப்பவர். பருத்தித்துறையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மகளிடம் கனடா போக விசாவுக்குக் காத்திருக்கிறார். தங்கமான மனுசன். குரல்தான் பிரச்சினை. மகளோடு போனில் கதைத்தால் ஊர்ப் புதினம் முழுவதும் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கேட்கும். பின்னேரமானால் ரேடியோவில் வெளிநாட்டுத் தமிழ்ச் சேவையின் யுத்தச் செய்தி, முழுச் சத்தத்தில். அதற்குமேல் அவருடைய விளக்கவுரை! ஒழுங்கையில் ஒரு பொலிஸ் ஜீப் மெதுவாகப் போனால் போதும், பவானி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். வந்து பிடித்தால் அவரை மட்டுமா பிடிப்பார்கள்?

ஆகவே, இந்த மாதத்தோடு மாஸ்டர் அறையை விடவேண்டும் என்பது பவானியின் தீர்ப்பு. அந்த அறைக்கு வங்கியில் வேலை செய்யும் ஒரு பெடியன் காத்திருந்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு அமைதி.

மாஸ்டரிடம் இதை யார் சொல்வது? வேறு யார், நான்தான்! நானும் நாளைக்கு நாளைக்கு என்று கடத்திக்கொண்டே வந்தேன். கொழும்பில் அவருக்கு ஒருவரும் இல்லை. வடக்கிலிருந்து வந்த தனி மனிதருக்கு இந்தக் காலத்தில் யார் அறை கொடுப்பார்கள்? லொட்ஜுக்குப் போனால், சோதனை நடக்கிற நாளெல்லாம் பொலிஸ் ஸ்டேஷன் வாங்குப் பலகையில்தான் குந்தவேண்டும். விசா வரும்வரை அந்த உடம்பு தாங்குமா?

கடைக்கு வருவோம். பவானி அறைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற கேள்விகளையே மீனுக்கும் கேட்டாள். சத்தம் போடுமோ? கண்டபடி திரியுமோ? மற்றவையோடு கொளுவுமோ?

நானாவுக்கு விளங்கிவிட்டது. மூலைத் தொட்டியில் பஞ்சுக்கட்டி மாதிரி இருந்த ஒன்றைக் காட்டினார்.

"தவள மீன் சேர். சத்தமும் இல்ல, சண்டயும் இல்ல. ஒரு எடத்துல இருந்தா இருந்ததுதான். மீன் ஈக்கிறதே வெளங்காது."

எனக்கும் கொஞ்சம் மீன் சாத்திரம் தெரியும். வேட்டை மீன்களை ஒரே அளவாகப் பார்த்துச் சேர்க்கவேண்டும். இது எங்கள் மீனைவிடச் சற்றுச் சின்னதுதான். ஆனாலும்...

"வாய் கொஞ்சம் பெரிசு போல கிடக்கு" என்றேன்.

"பெரிசா இருந்தா என்னப்பா? திறக்குதில்லையே! மாஸ்டரின்ர வாய் சின்னன்தான். மூடினாத்தானே?"

வாங்கி வந்தோம். விட்ட மூலையிலேயே அது இருந்தது. பவானிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எவ்வளவு அடக்கம்! இப்பிடி ஒரு ஆள் அறைக்கு வந்தா ஆர் வேண்டாமெண்டு சொல்லுவினம்?"

மாஸ்டர் அப்போது கதவடியில் நின்றார். நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை. அன்று பின்னேரம் அவருடைய ரேடியோ பாடவில்லை. அடுத்த நாள் பார்த்தால், உடுப்பெல்லாம் பயணப் பையில் அடுக்கி, தன் அறை வாசலில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்க எனக்கு முகமில்லை. சொல்லவேண்டியதை நான் சொல்லாமலே அவர் விளங்கிக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். லயன் பிஷ்ஷைக் காணோம். வெளியே பாய்ந்துவிட்டதோ என்று செற்றிக் கதிரைக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். பவானி டோர்ச்சோடு குப்புறப் படுத்திருக்கிறாள். அப்போது வீடு அதிர மாஸ்டரின் குரல்.

"தம்பி! இஞ்ச ஓடி வாரும்! இந்தச் சவத்தின்ர வாயைப் பாரும்!"

தவளை மீன் அதே மூலையில், அதே அடக்கத்தோடு இருந்தது. வயிறு மட்டும் பந்துபோல் வீங்கியிருந்தது. வாயோரத்தில் வரிபோட்ட ஒரு வால் நுனி. தன்னைவிடப் பெரியதையே விழுங்கியிருந்தது!

பவானி தொட்டிக்கு முன்னால் இருந்து அழுதுவிட்டாள். "பிள்ளை கேட்டா நான் என்ன சொல்லுறது?"

மாஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்த நாயே!" என்று மீனைத் திட்டத் தொடங்கியவர், அதன் பரம்பரையையே இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். கீழ்வீட்டு ஜன்னல் படாரென்று மூடியது.

பவானி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். மாஸ்டரின் அறை வாசலில் இருந்த பையை அப்போதுதான் கண்டாள்.

"மாஸ்டர், அதைக் கொண்டுபோய் உள்ள வையுங்கோ. விசா வருமட்டும் ஒரு இடமும் போகவேண்டாம். அந்த ரேடியோவை மட்டும் கொஞ்சம்..."

"குறைக்கிறன் பிள்ளை, குறைக்கிறன்!" பெரிய தெருவான காலி வீதிவரை கேட்டிருக்கும்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! மீன் செய்த பிழைக்கு அந்த வங்கிப் பெடியன் என்ன செய்வான்? "மாஸ்டருக்குக் கோவம் வந்தாலும் தெரியும், சந்தோசம் வந்தாலும் தெரியும். மற்றவையின்ர வயித்துக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்கிறாள் பவானி. கதைத்தால் பயம், கதைக்காவிட்டால் சந்தேகம். இந்தக் கொழும்பில் ஒரு மனுசன் தன் வாயை எந்த அளவுக்குத்தான் திறப்பது?

நேற்று அந்தப் பெடியன் வந்தான். அறை இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். தலையாட்டினான், மெல்லச் சிரித்தான், போய்விட்டான்.

"பாத்தீங்களே?" என்றாள் பவானி. "ஏனெண்டு ஒரு வார்த்தை கேட்டவனோ?"