மோட்டாருக்குப் பூட்டிய காளைகள்

களக்காட்டிலேயே முதல் மோட்டார் கார் என்னுடையது என்ற மிதப்பில், சென்னப்பட்டணத்து ஏஜெண்டிடம் ஒன்று வாங்கினேன். பழுதானால் யார் பார்ப்பார் என்று கேட்கவில்லை. இரண்டாம் மாதமே வண்டி நின்றது. ஐந்து கடிதம் போட்டும் ஆள் வரவில்லை. தொழுவத்தில் நின்ற மோட்டாரில் கோழி அடைகாத்தது.

அதே ஏஜெண்ட், திருநெல்வேலி டவுண் ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு மோட்டார் விற்க ரயிலில் வருவதாகக் கேள்விப்பட்டேன். விடுவேனா? மோட்டாரில் காளைகளைப் பூட்டி, ஒன்றரை நாள் நடத்தித் திருநெல்வேலி போனேன். ஸ்டேஷனில் ஏஜெண்டை மறுக்க மறுக்க மோட்டாரில் ஏற்றி, நான்கு ரத வீதியும் சுற்றிக் கடைவாசலில் இறக்கினேன்.

“என்னவே, மோட்டாருக்கு மாடு பூட்டியிருக்கீரு?” என்றார் அண்ணாச்சி.

“பழுது பாக்க ஆளு பட்டணத்துலல்லா இருக்கான். இவருகிட்ட வாங்குனா, நீங்களும் நல்ல காளையா ரெண்டு பாத்து வச்சுக்கிடுங்க அண்ணாச்சி.”

ஏஜெண்ட் வந்த வழியே ரயிலேறினார். இப்போதெல்லாம் தையல் மிஷின் வாங்கினாலும், பழுது பார்ப்பவன் எந்த ஊர் என்று கேட்ட பிறகே விலை கேட்கிறேன். காளைகளுக்கு அன்று ஒரு படி பருத்திக்கொட்டை கூடுதலாக வைத்தேன்.