நான் தொட்டால் முளைப்பாரி வெளுக்குமாம்

ஆத்தாளை நம்பி வாழும் என் சொந்தங்களே, சாட்சி சொல்கிறவள் மனசு குளிர்ந்து சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் குளிரவில்லை. கோபத்தோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வேலை விட்டு வரும்போது எங்கள் எல்லார் கையிலும் வெள்ளிப் பவுடர் ஒட்டி மினுங்கும். அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம், விரல் கணுவில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பவுடர் என்றே நினைத்தேன். சோப்புப் போட்டேன், போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல் உரிந்து ரத்தம் வந்தது. புண் ஆறியபோது வெள்ளை முன்னைவிடப் பெரிதாக இருந்தது. தைப் பொங்கலுக்குள் உதட்டோரத்திலும் வந்துவிட்டது.

கம்பெனியில் யாரோ ஒருத்தி "வெண்குஷ்டம்" என்றாள். அவ்வளவுதான். என் தூக்குச்சட்டிக் குழம்பை உரிமையோடு வாங்கிச் சாப்பிட்டவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடிக்க எனக்கு மட்டும் தனி டம்ளர். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வேகாத வெயிலிலும் அப்படியே திரிந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். டாக்டரும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டால் எங்கே போவேன்?

பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி போடும் நாள் வந்தது. வயசுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருடம்கூட நான் பாரி சுமக்காமல் இருந்ததில்லை. விதையை எடுத்துக்கொண்டு பாரி வளர்க்கும் வீட்டுக்குப் போனேன். அங்கே எல்லாம் என் வீட்டுக்காரரின் அக்கா பொறுப்பு. மதினி வாசலிலேயே மறித்தார்.

"பேச்சி, அங்கனயே நில்லு. நீ தொட்டா பாரி வெளுத்துப் போகும்."

அத்தனை பெண்கள் முன்னால் சொன்னார். நான் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். அவர் சொன்னதைவிட, நான் பேசாமல் வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நேரே கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். பூசாரி சாப்பிடப் போயிருந்தார். விளக்குப் போடவில்லை, கும்பிடவும் இல்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏ ஆத்தா! பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அம்மை முத்துப் போட்டா நீ வந்திருக்கன்னு வேப்பிலை கட்டுறாக. எனக்கு ரெண்டு வெள்ளை விழுந்தா மட்டும் பாவமா? இது நீ போட்டதுன்னா நீயே எடு. நீ போடலைன்னா என் தலையவாச்சும் நிமித்து. ரெண்டுல ஒண்ணு செய்யி!"

மறுநாள் காலை கம்பெனிக்குப் போகாமல் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? ஆத்தாள் தள்ளிவிட்டாள் என்றுதான் சொல்வேன். டாக்டரம்மா என் விரலைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். வெளி ஆள் ஒருவர் என்னைத் தொட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

"குஷ்டம்னு யாரு சொன்னது? இது வெண்புள்ளிம்மா. ஒட்டாது. யாரு செஞ்ச பாவமும் இல்ல. நாரை வச்சுத் தேய்ச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு தப்பான வார்த்தைக்கா நான் இத்தனை நாள் மூஞ்சியை மூடினேன்? முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினேன். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டில் கிடந்த விதையை எடுத்துக்கொண்டு பாரி வீட்டுக்குப் போனேன். மதினி மறுபடியும் கையை நீட்டி மறித்தார். இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது.

"மதினி, வெயில் படாம இருட்டு ரூமுல மூடி வச்சு, பாரிய வெளுக்க வைக்கிறதே நம்மதான? பச்சை அடிச்சா வெளிச்சம் பட்டுருச்சுன்னு நீங்கதான வைவீக? வெளுத்த பயிரத் தலையில தூக்கிக் குலவை போடுவீக, வெளுத்த பொம்பள மட்டும் ஆகாதா?"

உள்ளேயிருந்து ஒருத்தி சிரித்துவிட்டாள். "அவ சொல்லுறது சரிதான மதினி" என்றாள். மதினி அப்போதும் வழி விடவில்லை. நான் அவர் கையை விலக்கிவிட்டு உள்ளே போய் என் விதையைத் தூவினேன். அந்த வருடம் ஊர்வலத்தில் என் பாரியும் போனது. எது என்னுடையது என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இன்றைக்குக் கழுத்திலும் ஒரு புள்ளி இருக்கிறது. களிம்பு போடுகிறேன், சில இடத்தில் நிறம் திரும்புகிறது, சில இடத்தில் இல்லை. தனி டம்ளரை நானே தூக்கி எறிந்தேன். மதினி இன்னும் என்னோடு பேசுவதில்லை, பேசாமல் போகட்டும். புள்ளி போகாமல் இது என்ன சாட்சி என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஆத்தாளிடம் ரெண்டில் ஒன்றைத்தான் கேட்டேன். அவள் போடாததை அவள் எப்படி எடுப்பாள்? என் தலையை நிமிர்த்திவிட்டாள். அவளுக்குக் கோடி கும்பிடு.

தாய்மாரே, உங்கள் வீட்டில் இப்படி முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் இருந்தால், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு கோயிலுக்குக் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்துங்கள். அழுதுதான் கேட்கவேண்டும் என்று ஆத்தாள் சட்டம் போடவில்லை. அந்தப் பெண் சண்டை போடட்டும், ஆத்தாள் தாங்குவாள். தள்ளி நில் என்று யாராவது அந்தப் பெண்ணிடம் சொன்னால், தள்ளி நிற்கவேண்டியது அப்படிச் சொன்னவர்தான்.