வளையத்தில் தட்டும் முடிச்சு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. காலையில் என் கணவர் தூண்டில் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு மாகறல் பக்கத்துத் தடுப்பணைக்குப் பஸ் ஏறிவிடுவார். நாங்கள் இருக்கிற ஓரிக்கையிலிருந்து அது ஒன்றும் வெளிநாடு இல்லை. ஆனாலும் அவர் தெருமுனை திரும்பியதுமே என் கை சும்மா இருக்காது. நேற்று துவைத்த போர்வையை இன்றைக்கும் ஊறப்போடுவேன். களைந்த அரிசியை மறுபடியும் களைவேன். அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். மீன் கிடைக்குமா என்று கவலைப்படுகிற ஆள் இல்லை நான். மீன் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். நான் போட்டுக் கொடுத்த முடிச்சு தாங்குமா என்பதுதான் என் கவலை.

அவர் பெயின்டர். குடிப்பார். கொஞ்சநஞ்சம் இல்லை, வீட்டில் ஒரு பாத்திரம் நெளியாமல் இருந்ததில்லை என்கிற அளவுக்குக் குடிப்பார். மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு வராது. போன ஆடியில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர், அதோடு விட்டுவிட்டார். விட்டபிறகும் கை நடுக்கம் மட்டும் போகவில்லை. நரம்பு சரியாக நாளாகும் என்றார் டாக்டர். டேப் ஒட்டாமல் கண்பார்வையிலேயே சுவரில் நேர்கோடு இழுத்த மனுஷன், இப்போது பெரிய சுவருக்கு ரோலர் மட்டும் உருட்டுகிறார். லீவு நாளில் கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதால், கூட வேலை செய்கிறவரிடம் பழைய ராடும் நூல் சுற்றுகிற ரீலும் வாங்கினார். ரப்பர் தவளையைக் கட்டித் தூர வீசி, செடிக்கடியில் இருக்கிற விராலைப் பிடிக்கிற விளையாட்டு அது.

வீசுவதற்கு ரீலில் இருக்கிற நூல் மெல்லிசு. பின்னிய நூல், பட்டு நூலைப் போலவே வழுக்கும். தடுப்பணைக் கல்லில் உரசினால் தீர்ந்தது. அதனால் அதன் நுனியில் ஒரு முழம் போலத் தடித்த நைலானைச் சேர்க்க வேண்டும். லீடர் என்பார்கள். மெல்லிசையும் தடிசையும் சேர்க்கிற அந்த ஒரு முடிச்சுதான் அவருக்கு வரவில்லை. நூலை எடுத்தாலே விரல் ஆடும். அரை மணி நேரம் போராடிவிட்டு எல்லாவற்றையும் என் மடியில் போட்டார்.

"உன் கைவேலதானமா. ரெண்டு நூல ஒண்ணாக்குறது உனக்கு இன்னா பெரிய விஷயம்?"

உண்மைதான். நான் பட்டுத் தறிகளுக்குப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், பிணைக்கப் போகிறவள். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதன் கடைசி இழைகளை அறுக்காமல் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு வைத்து, சாம்பல் தொட்ட விரலால் திருகிச் சேர்ப்பது என் வேலை. ஆயிரக்கணக்கான இழை. ஒன்றில்கூட முடிச்சு போடக் கூடாது. முடிச்சு விழுந்தால் தறியில் சீப்புப் போல இருக்கிற அச்சுக்குள் நுழையாது, இழை அறும், நெய்கிறவர் வாயில் வருவதை எல்லாம் கேட்க வேண்டிவரும். திருகுவதுதான் எனக்குத் தெரியும். எனவே அவருடைய நூலையும் லீடரையும் சாம்பல் தொட்டு நன்றாகத் திருகி, இழுத்துப் பார்த்து, பெருமையோடு கொடுத்தேன்.

பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தார்.

"இன்னாமா பண்ணி வெச்ச? மொத வீச்சுலயே தவள தனியா போச்சி, நூலு தனியா நின்னுச்சி."

"பாவு பிணைக்கிற மாதிரிதாங்க பிணைச்சேன்."

"பாவு எங்கயாவது பறக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ரோஷமும் வந்தது. பாவை மெதுவாக இழுப்பார்கள், யாரும் சுழற்றி வீசுவதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரியே போனை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். முடிச்சு போடுவதற்கென்றே வீடியோ போடுகிறவர்கள் எத்தனை பேர்! டபுள் யூனி என்று ஒன்று. இரண்டு நூலும் தனித்தனியாக ஒரு சுருக்கு போட்டுக்கொள்ளும்; இழுத்தால் நகர்ந்து வந்து நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். சுலபம்தான். ஆனால் இரண்டு முண்டு புடைத்து நிற்கும். வீசும்போது ராடில் நூல் ஓடுகிற வளையங்களில் 'டக்' என்று தட்டிக்கொண்டு போகும். அச்சில் முடிச்சு தட்டுகிற சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

இன்னொன்று எஃப்ஜி. அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் லீடரை மடக்கவே வேண்டாம். மெல்லிசு நூலை விறைப்பாகப் பிடித்து, லீடரை அதன் மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இழுக்க இழுக்க நூல் லீடரைக் கடித்துக்கொள்ளும். முண்டே கிடையாது. கிட்டத்தட்ட நெசவு. நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலிலும் மறுமுனையைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு நான் போட்ட எஃப்ஜியை ஒரு தறிக்காரரிடம் காட்டியிருந்தால் கூலி கூட்டிக் கொடுத்திருப்பார். அது வளையத்துக்குள் சத்தமில்லாமல் போய்வந்தது. அவரே மெச்சினார். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் எஃப்ஜி போடுவது எனக்கு விரதம் மாதிரி ஆயிற்று.

ஞாயிறு அவர் திரும்பி வந்ததும் பையை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை மோந்து பார்ப்பேன். பிறகு ராடை வாங்கி, என் முடிச்சை விரலால் தடவிப் பார்ப்பேன். இரண்டும் சரியாக இருந்தால்தான் சோறு இறங்கும். அவருக்கு இது தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லமாட்டார். மகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஒருவரை ஒருவர் கண்காணிக்க நேரம் நிறைய இருந்தது.

தையில் ஒரு ஞாயிறு. இருட்டியும் அவர் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். நான் வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்குமாக எத்தனை நடை நடந்தேனோ. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களின் நடையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. போதையில் வருகிற நடை எனக்குத் தூரத்திலேயே தெரியும். கடைசியில் அவர் பஸ்ஸில் வரவில்லை. ரோட்டோரமாக நடந்தே வந்தார். செருப்பெல்லாம் புழுதி. நான் பையை வாங்கவில்லை, நேராகவே மூக்கை நீட்டினேன். ஒன்றும் இல்லை. வேர்வை வாசனை மட்டும்தான். ராடைப் பார்த்தேன். லீடரும் இல்லை, தவளையும் இல்லை. நூல் பிய்ந்து நுனி பிசிறாகத் தொங்கியது.

"எப்ப அறுந்துச்சி?"

"காலையிலயே. ரெண்டாவது வீச்சு. கல்லுல மாட்டிக்கிச்சி."

"காலையில அறுந்ததுக்கு இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

அவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் குடித்திருந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"லீடர் சுருள் பையில இருக்குது. இன்னொரு தவளயும் இருக்குது. சேக்கத்தான் தெரியல. நூலு அறுந்துச்சின்னா அப்புறம் எனக்கு அங்க இன்னா வேல? பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கணும். பஸ் ஸ்டாப் எங்க இருக்குது தெரியுமா உனக்கு? கடைக்கு நேர் எதிர்ல. பஸ் வர்ற வரைக்கும் அந்தக் கடையப் பாத்துக்கினு நிக்கணும். ஒரு பஸ்ஸு கூட்டமா போச்சி, ஏற முடியல. அடுத்தது வர்ற வரைக்கும் என்னால நிக்க முடியலமா. அதான் நடந்துட்டேன். வழியில மரத்தடி மரத்தடியா உக்காந்து வந்தேன்."

அவர் செருப்பை எடுத்துப் புழுதியைத் தட்டினேன்.

"உன் முடிச்சு நல்ல முடிச்சுதான். ஆனா அது அறுந்தா உன்கிட்டதான் வரணும். உன்கிட்ட வர்ற வழியிலதான் கடை இருக்குது. எனக்குக் கட்ட வர்ற முடிச்சா ஒண்ணு சொல்லு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கால் விரல் சிவக்கச் சிவக்க இழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அறுந்தது கல்லில், என் முடிச்சு என்ன பண்ணும்? அவருக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அப்பளத்தை நொறுக்கி வைத்துவிட்டு நின்றபோதுதான் உறைத்தது. எஃப்ஜி பிடித்துப்போனதற்கு முண்டு இல்லாதது மட்டும் காரணம் இல்லை. அது என் கைக்கு மட்டும் வருகிற முடிச்சு. அறுந்தால் அவர் வீட்டுக்கு வந்தே தீரவேண்டும். அந்த நினைப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. அது அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த வாரம் பூராவும் டபுள் யூனிதான். தடித்த கயிறு இரண்டு எடுத்து, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, தினமும் சாப்பிட்டபிறகு உட்காருவோம். சுற்றும்போது அவர் விரல் ஆடும், சுருக்கு விட்டுப்போகும். என் கை தானாக நீளும். "தொடாத" என்பார். நான் எழுந்து போய்க் காரணமில்லாமல் அடுப்பைத் துடைப்பேன். திரும்பி வருவேன். மறுபடி கை நீளும். பாவில் அறுந்த இழையைப் பார்த்தால் தூக்கத்தில்கூட எழுந்து திருகுகிறவள் நான். கண்ணெதிரே ஒரு நூல் தவறான பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குச் சொல்வேன்? நான்காம் நாள் இரண்டு சுருக்கும் நகர்ந்து வந்து முட்டிக்கொண்டன.

"பாத்தியா, புருசன் பொண்டாட்டி மாதிரி முட்டிக்கிச்சி," என்று சிரித்தார்.

"வழுக்குற நூலுக்கு ரெண்டு சுத்து கூடப் போடுங்க," என்றேன்.

அடுத்த ஞாயிறு நானும் கிளம்பினேன். வேவு பார்க்கத்தான் வருகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். நினைத்தது தப்பும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே கடை. இன்னும் திறக்கவில்லை, அதற்குள்ளேயே நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் இவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். இவரும் ஆட்டிவிட்டு, ராடை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடாத குறையாகப் போனேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவரே கட்டிய முடிச்சோடு வீசினார். 'டக்.' எனக்கு உடம்பு கூசியது. மறுபடி 'டக்.' ஏழெட்டு வீச்சுக்குப்பின் செடிக்குள் தண்ணீர் வெடித்தது. ராடு வளைந்தது. "விரால்மா, பெருசு!" என்று கத்தினார். நான் எழுந்துவிட்டேன். அடுத்த நொடி ராடு சட்டென்று நிமிர்ந்தது. நூல் காற்றில் ஆடிக்கொண்டு வந்தது. நுனி சுருண்டிருந்தது. கல்லில் உரசி அறுந்தால் பிசிறு இருக்கும். இது முடிச்சு நழுவியது. அவர் போட்ட முடிச்சு.

மேட்டு ரோட்டில் பஸ் போகிற சத்தம் இங்கேயே கேட்கும். அவர் ஒரு நிமிடம் தண்ணீரையே பார்த்தார். பிறகு கரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து லீடர் சுருளையும் இன்னொரு தவளையையும் எடுத்தார்.

கை நன்றாகவே நடுங்கியது. மீன் போன வருத்தமும் சேர்ந்துகொண்டது. ஒரு சுருக்கு விட்டுப்போனது. மறுபடி. மறுபடி. நான் என் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கல் குத்தியது, கையை எடுக்கவில்லை. வெயில் ஏறியது. எவ்வளவு நேரமோ கழித்து முடிச்சு உருவானது. இறுக்குவதற்கு முன்னால் ஈரம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் நைலான் சூடேறிக் கெட்டுப்போகும். அவர் உதட்டில் வைத்துப் பார்த்தார். வாய் வறண்டு கிடந்தது. முடிச்சு கலைந்துவிடாமல் இரண்டு கையிலும் ஏந்தி என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"எச்ச தொட்டுக் குடு. நான் இழுக்கறேன்."

தொட்டுக் கொடுத்தேன். இழுத்தார். இரண்டும் நகர்ந்து வந்து முட்டிக்கொண்டன. எழுந்து போய் வீசினார். 'டக்' என்று தட்டிக்கொண்டு நூல் போனது.

மேட்டு ரோட்டில் ஓரிக்கை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, கிளம்பிப் போனது. அவர் தவளையைச் செடியோரமாக இழுத்துக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. பஸ் கண்ணுக்கு மறைகிறவரைக்கும் நான்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.